அரை விரல்

வேகத்தடைக்கு வேகத்தடை
கார் முனகத் தொடங்கி ஏழு மாதம்.
ஆபீசர்ஸ் லைன் மெக்கானிக்
ஸ்பிரிங் விலைக்கு மேல் கூலி சொன்னான்.
நாமே கழற்றிப் பார்ப்போம் என்று
சொன்னது நானா, என் கோபமா, தெரியாது.

சித்திரை ஞாயிறு, காலை ஆறரை.
சத்துவாச்சாரி வெயிலுக்குப்
பல் துலக்கும் பழக்கம்கூட இல்லை,
எழுந்ததும் வேலைக்கு வந்துவிடும்.
ஸ்பானர் சுடுவதற்குள்
வலது சக்கரத்தையாவது முடிக்க வேண்டும்.

நட்டைத் தளர்த்திய பிறகே ஜாக்கி.
ஜாக்கியை நம்பாதே, ஸ்டாண்டை நம்பு.
இவ்வளவும் முன்பே தெரியும்.
தெரியாதது
பதினேழாம் நம்பர் போல்ட்டின் பிடிவாதம்.
டீசல் விட்டேன். கெஞ்சினேன்.
பழைய போர்வெல் பைப்பை ஸ்பானரில் செருகி
முழு எடையோடு ஏறி நின்றேன்.
டொக்.
உடைந்தது நீயா நானா என்று
ஒரு நொடி பார்த்துக்கொண்டோம்
போல்ட்டும் நானும்.

எதிர்வீட்டு நஸ்ருல்லா ஏசி ரிப்பேர்காரர்.
ஸ்பிரிங்கை இறுக்கும் கொக்கி ஜோடியை
எங்கிருந்தோ வாங்கிவந்து மதில்மேல் வைத்தார்.
"மூஞ்ச மட்டும் நேரா வெக்காதீங்கக்கா,
அவுந்துச்சுன்னா சொல்லிட்டு வராது."
பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

கொக்கிகளை எதிரெதிரே மாட்டி
இந்தப் பக்கம் நாலு திருகு
அந்தப் பக்கம் நாலு திருகு.
சுருள் சுருங்கச் சுருங்க
பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் ஒருத்தியின்
பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.
அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும்:
கம்பெனி மீட்டிங்கில் மூன்றாம் வரிசை,
ஓரத்து நாற்காலி,
விற்பனை இலக்கை மறுபடி ஏற்றும்போதெல்லாம்
தலையாட்டுவாள்.

பதினொரு மணிக்குப் பழசு இரண்டும்
சிமெண்ட் தரையில் அருகருகே நின்றன.
வலது, இடதைவிட அரை விரல் குட்டை.
திருப்பி வைத்தேன். இடம் மாற்றி வைத்தேன்.
அரை விரல்.

பதினொரு வருடம் வலப்பக்கம் நான்.
இடப்பக்கம்
குடற்புழு மருந்து மாதிரிப் பெட்டி,
மாட்டுக் கால்சியம் இரண்டு கேன்,
ஐப்பசி வந்தால் ஒரு குடை.
அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம்.
திரும்பும்போது பெட்டியும் காலி.
அந்தப் பக்கத்து சீட் பெல்ட்
ஷோரூம் மடிப்பு கலையாமல் இருக்கிறது.

ரோடு ஒரு பக்கம் சாய்வு, அதனால்தான் என்று
நஸ்ருல்லா சொல்லக்கூடும்.
இருக்கலாம்.
யாரும் கேட்காத கணக்கை
இரும்பு பாட்டுக்கு எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.
மோர் குடித்தேன். உப்பு போட மறந்திருந்தேன்.

அந்த நினைப்பிலேயே மாட்டியதால்
இடப்பக்கப் புது ஸ்பிரிங்கின் முனை
அதற்கான படியில் உட்காமல்
ஒரு அங்குலம் தள்ளி நின்றது.
எல்லாம் பூட்டி முடித்தபிறகு பார்த்தேன்.
திரும்ப இறுக்கு. திரும்பக் கழற்று.
வேலூர்க் கோட்டை அகழியில் போடும் அளவுக்கு
வசவு என்னிடம் இருந்தது அன்று.

நாலரைக்கு ஜாக்கி இறங்கியது.
முதல்முறை குதிகால் செருப்பு போட்டவள் மாதிரி
நெட்டுக்குத்தாக நின்றது வண்டி.
கையில் ஒரு வாஷர் மிச்சம்.
எதனுடையது? கடவுளுக்கும்
அந்தக் கம்பெனிக்கும் வெளிச்சம்.

ஓட்டிப் பார்க்கக் கிளப்பும்போது
நஸ்ருல்லாவின் மனைவி ஷாஹிதா
கேட்காமலே கதவைத் திறந்து ஏறினார்.
"கிரீன் சர்க்கிள்ல எறக்கி விட்டுடுங்க.
நான் எண்பத்திரண்டு கிலோ,
ஒங்க ஸ்பிரிங்கு தாங்குமா?"

பெல்ட் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.
புழுதியோடு வந்தது.

ரங்காபுரம் வேகத்தடையில்
கார் ஒருமுறை எழுந்து, ஒருமுறை அமர்ந்தது,
முனகல் இல்லை.
டாஷ்போர்டு குழியில் வாஷர் மட்டும்
கிலுகிலு என்றது.
"என்ன சத்தம் அது?"
தெரியலைங்க என்றேன்.
நாளைக்கு அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.
நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க.